பதினேழாம் மரத்து அரணை

பாலசமுத்திரத்துக்கு மேற்கே இருக்கும் மாந்தோப்பில் காய் பறிப்பு இருள் பிரியும்போதே தொடங்கிவிடும். வெயில் ஏறுமுன் வண்டி புறப்பட வேண்டும்.

அன்று ஆதிகேசவன் தொரட்டியால் பதினேழாம் மரத்தின் உச்சிக் கிளையை உலுக்கினான். காய்களோடு ஒரு மர அரணையும் சருகின்மேல் விழுந்தது. கழுத்தில் கறுப்பும் வெளிர்மஞ்சளுமாக வரிகள், எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும் உடம்பு. அதே நேரம், சருகுக்குள் கைவிட்டுக் காய் பொறுக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி தேன்மொழி, "ஸ்ஸ்" என்று கையை உதறினாள். அரணை அவள் கையோரமாக ஓடி, மரத்தில் ஏறி மறைந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

"ஐயோ, அரணை கட்சிட்ச்சி!" கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள் பச்சையம்மாள். தோப்பில் மூத்த கூலிக்காரி அவள். "அரணை கடிச்சா மரணம்டா ஆதி. வண்டிய எடு, சித்தூரு ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

ஆதிகேசவன் சிரித்தான். திருப்பதியில் ஆராய்ச்சி செய்யும் கௌசிகாவுக்காக இரண்டு வருடமாக இந்தத் தோப்பின் அரணைகளைக் கவனித்து நோட்டில் எழுதிவருபவன் அவன். மரங்களுக்கு எண் போட்டதும் அவன்தான். எந்தப் பொந்து, எத்தனை அடி உயரம், என்ன பூச்சியைத் தின்றது, ஒன்றும் விடமாட்டான். அந்த அரணை மரத்திலேயே காலம் தள்ளும், தரைக்கு வருவது அபூர்வம், துளி விஷமும் கிடையாது.

"ஏமீ காதுக்கா, ஒண்ணும் ஆவாது. ரெண்டு வருசமா அத கையில புடிச்சிகினு கீறேன், செத்தா பூட்டேன்?"

"வந்துட்டாருடா அரணைக்கு வாத்தியாரு! மொதல்ல பொண்டாட்டி கையப் பாரு."

"வலியே இல்லக்கா. எறும்பு கடிச்சா மாதிரிதான் கீது" என்றாள் தேன்மொழி. "அவுரே சொல்றாரில்ல." விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

அவன் கையைப் பார்க்கவில்லை. நோட்டை எடுத்து எழுதினான்: மரம் பதினேழு, காலை ஐந்து ஐம்பது, தரையில், கடி ஒன்று.

கஞ்சி குடிக்கும் வேளையில் தேன்மொழி வயிறு வலிக்கிறது என்றாள். வெறும் வயிற்றில் மாங்காய் துன்னியா என்று கேலி செய்து, அவளை நிழலில் படுக்கச் சொன்னான். அரணை மனிதரைக் கடித்த பதிவு அவன் நோட்டில் அதுவரை இல்லை. ஒன்பதரைக்கு, அந்தப் பெருமையில் கௌசிகாவுக்குப் போன் செய்தான்.

"தரையிலயா? கடிச்சத நீங்க பாத்தீங்களாண்ணா?"

"ஓடுனத பாத்தேன் மேடம்."

"பல் எப்படிப் பதிஞ்சிருக்கு? அரணைன்னா பொடிப்பொடியா, வளைவா இருக்கும்."

நிழலுக்குப் போய் மனைவியின் கையைப் புரட்டினான். மோதிர விரலில் ஊசி குத்தினாற்போல் இரண்டே புள்ளிகள். வீக்கம்கூட இல்லை.

"தேனு."

இமைகள் பாதிக்குமேல் எழவில்லை. "நாக்கு... தடிச்சிகினு..." என்றாள். புள்ளிகளையும் இமையையும் போனில் சொன்னான்.

"கட்டுவிரியன் அண்ணா! சருகுக்குள்ள இருந்திருக்கும். உடனே கிளம்புங்க!" என்று போனில் கௌசிகா கத்தினாள்.

காய் வண்டியிலேயே போட்டுக்கொண்டு போனார்கள். பாதி வழியில் மூச்சு நின்றது. ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்காமலே வண்டி திரும்பியது. போனில் கேட்டதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

பால் தெளித்த மறுநாள் தோப்பு ஆட்கள் வந்து நின்றார்கள். முன்னால் பச்சையம்மாள், பக்கத்தில் தேன்மொழியின் தம்பி முரளி, கையில் தொரட்டியும் மண்ணெண்ணெய்த் துணியும்.

"அரணை கடிச்சதுக்கு ஆஸ்பத்திரிதான் இன்னா பண்ணியிருக்கும்? உம்மேல தப்பில்ல ஆதி" என்று அழுதாள் பச்சையம்மாள். "ஆனா இன்னும் எத்தினி பொம்பளைங்கள பலி குடுக்கறது? பொந்து எங்கெங்க கீதுன்னு உனுக்குத்தான் தெரியும். காட்டு."

கட்டுவிரியன் என்று சொல்ல வாயெடுத்தான். கட்டுவிரியன் கடிக்கு ஊசி உண்டு என்பது ஊருக்கே தெரியும். காலையிலேயே வண்டியை எடுக்கச் சொன்னவள் எதிரில் நிற்கிறாள். முரளி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சருகைக் கூட்டிக் கொளுத்துங்கள் என்றுகூடச் சொல்ல வாய் வரவில்லை.

உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தான்.

"பதினேழாம் மரம்" என்று படித்தான். "மேக்குக் கெளை. இருவத்திரெண்டு அடி. பொந்துல ரெண்டு முட்டை."

முரளி தொரட்டியோடு தோப்புப் பக்கம் நடந்தான். ஆதிகேசவன் அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.