வாய்க்காலில் நனைத்த கீரை

விடிந்ததும் இன்ஷிராஹ் கர்கீர் கீரையை அறுத்து, கட்டுக்கட்டாகக் கட்டி, வாய்க்காலில் முக்கி எடுப்பாள். நனைந்த கீரைதான் மதியம்வரை சந்தையில் வாடாமல் நிற்கும். கரையில் உட்கார்ந்திருக்கும் மகள் வர்தாவுக்கு இளசாக ஒரு கொத்து எடுத்து, இன்னொரு தடவை நன்றாக அலசிக் கொடுப்பாள். மூன்று வயதுப் பெண். ரொட்டிக்குள் கீரையைச் சுருட்டித் தின்றுகொண்டே இருப்பாள்.

தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. கைகால் குச்சி. வயிறு மட்டும் பானை.

"உம்மு வர்தா, இவ திங்கிறதெல்லாம் எங்கடி போவுது? உன் கழுதைகூட இவ்வளவு திங்காதே!" பக்கத்தில் தன் கட்டுகளை முக்கிக்கொண்டிருந்த நஃபூஸா சிரித்தாள். ஊரில் எல்லோருக்கும் இன்ஷிராஹ் 'உம்மு வர்தா', வர்தாவின் அம்மா.

"வாயை மூடு. கண்ணு வச்சே கொன்னுடாதே."

இன்ஷிராஹ் கண்ணேறு படாமலிருக்க மகளின் கழுத்தில் கட்டியிருந்த நீலமணியைச் சட்டைக்கு வெளியே இழுத்துவிட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் சுகாதார நிலையத்து வகீதா தராசோடு வீடு வீடாக வந்தாள். பிள்ளைகளை எடை போட்டு, பூச்சி மாத்திரை கொடுத்துக்கொண்டு வந்தாள். அவள் குரல் தெருவில் கேட்டதும் இன்ஷிராஹ் வர்தாவைக் கழுதைக் கொட்டிலில் உட்காரவைத்துவிட்டு வந்து கதவைத் திறந்தாள். பிள்ளையின் எடையை வாய்விட்டுச் சொல்லி, அது நாலு பேர் காதில் விழுந்தால், இருப்பதும் கரைந்துபோகும் என்று பயம்.

"மவ எங்க, உம்மு வர்தா?"

"எங்க அக்கா வீட்டுல."

"வந்ததும் நிலையத்துக்குக் கூட்டிட்டு வா. கீரையைக் குழாய்த் தண்ணியில அலசு. மேல, பாலத்துக்கிட்ட, கக்கூஸ் வண்டியை வாய்க்கால்லதான் கவுக்குறானுங்க."

"ஓடுற தண்ணியில என்ன தங்கப்போவுது?"

வகீதாவுக்கு இன்னும் பதினைந்து வீடு பாக்கி. போய்விட்டாள். கொட்டிலிலிருந்து வந்த வர்தாவின் தலையில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

பெருநாள் முடிந்த நாலாம் நாள் வர்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பச்சையாய் வாந்தி எடுத்தாள். மூன்றாவது வாந்தியில் வெள்ளையாக, ஒரு சாண் நீளத்தில் புழு ஒன்று தரையில் விழுந்து நெளிந்தது. இன்ஷிராஹ் அவளைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினாள்.

பெரியாஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பார்த்துவிட்டு இளம் டாக்டரம்மா வெளியே வந்தாள். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"குடல் முழுக்கப் புழு பந்துபந்தா அடைச்சிருந்துச்சும்மா. ஒரு பக்கம் அழுகியே போச்சு. பச்சையா என்ன குடுப்பீங்க?"

"கர்கீர். நல்லா அலசித்தான் குடுப்பேன்."

"எந்தத் தண்ணியில?"

 

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் வர்தா போய்விட்டாள்.

நாற்பது நாள் கழித்து இன்ஷிராஹ் மறுபடி கீரை அறுத்தாள். முதல் கட்டை வாய்க்காலுக்குக் கொண்டுபோனவள், கையை இறக்க முடியாமல் நின்றாள். அன்று குழாயிலும் தண்ணீர் இல்லை. நனைக்காத கட்டுகளையே கூடையில் அடுக்கிச் சந்தைக்குப் போனாள்.

வெயில் ஏறுமுன்பே கீரை தலை தொங்கிவிட்டது. பக்கத்தில் நஃபூஸாவின் கட்டுகள் சொட்டச் சொட்ட நின்றன.

வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். "என்ன உம்மு வர்தா, இப்படித் துவண்டு கெடக்கு?" என்றாள். ஊரில் யாரும் அந்தப் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. பதிலுக்குக் காத்திராமல் நஃபூஸாவிடம் குனிந்தாள். இடுப்பிலிருந்த குழந்தை ஓர் இலையைப் பிய்த்து வாயில் வைத்தது.

இன்ஷிராஹ் எழுந்ததை யாரும் பார்க்கவில்லை. குழந்தையின் கையைத் தட்டிவிட்டு, அதன் வாய்க்குள் விரலை விட்டு இலையை வெளியே இழுத்தாள். குழந்தை வீறிட்டது.

"கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு?" என்று கத்தினாள் அதன் அம்மா.

"குடுக்காதே... அந்தத் தண்ணி... அதுல..."

"ஊர்ல யாரும் முக்காத தண்ணியாடி?" என்று எகிறினாள் நஃபூஸா. பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "நீ தள்ளி நில்லும்மா. அவ புள்ளையப் பறிகுடுத்தவ. அடுத்தவ புள்ளையப் பார்த்தா பொறுக்குமா?"

அந்தப் பெண் ஓரடி பின்னால் போனாள். இன்ஷிராஹின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், குழந்தையின் கழுத்திலிருந்த நீலமணியைச் சட்டைக்கு வெளியே இழுத்துவிட்டாள்.

இன்ஷிராஹின் விரலில் பாதி கடித்த இலை ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஈரமாக இருந்தது.