காற்று நுழையாத வீடு

டெய்லருக்குப் பூமியின் மேல் திடீரென்று பாசம் பொத்துக்கொண்டு வந்தது. அதுவரை அவர் பூமியை ஏறெடுத்துப் பார்த்ததில்லை; துணியைப் பார்க்கவே பொழுது போதாது. கடைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெண்மணி, "இந்தத் துண்டுத் துணியெல்லாம் கடைசியில எங்கங்க போகுது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பேச்சுவாக்கில் கேட்டிருப்பாள். இவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனுஷன் அவர். "துணி கிழிஞ்சாலும் கிழியும், என் தையல் பிரியாது" என்று கடையில் மார்தட்டுவார், அது உண்மையும்கூட. அந்தப் பிடிவாதம் இப்போது வீட்டுக்குள் வந்தது. பல்புகள் மாறின. வாளி சிறிதானது. காய்கறி கழுவிய தண்ணீர் செடிக்குப் போனது. மகள் பல் தேய்க்கும்போது பக்கத்திலேயே நின்று குழாய்க்குக் காவல் காத்தார். தெருவில் "பச்சை டெய்லர்" என்று பெயர் விழுந்தது. அதையும் பட்டம் கிடைத்த மாதிரி வாங்கிக்கொண்டார்.

அவருடைய மனைவி டவுன் பஸ் ஓட்டுகிறவள். நாளெல்லாம் ஊரோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேடிக்கை. "பாப்பா, உங்கப்பா கொஞ்ச நாள்ல நம்ம ரெண்டு பேரையும் மக்க வச்சு உரமாக்கிடுவாரு, பாத்துக்கோ" என்பாள். பதினோரு வயதுப் பாப்பா விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரிக்கட்டும் என்று டெய்லரும் விட்டுவிடுவார். அவர் செய்தவற்றில் அதுவரை ஒரு கெடுதலும் இல்லை. எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் நல்ல காரியம் செய்கிறவனுக்கு, தன்னால் தப்பே நேராது என்று ஒரு நினைப்பு வந்துவிடும். அது பொல்லாதது.

மலையூரின் குளிர் தொடங்கியது. குளிக்கத் தண்ணீர் சுட வைக்கும் மின்சார ஹீட்டர் மீட்டரை விரட்டோ விரட்டென்று விரட்டுகிறது என்று அதைக் கழற்றினார். வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடம் பழைய கேஸ் ஹீட்டர் ஒன்று கிடைத்தது. புதிதாக வாங்கினால் பூமிக்குப் பாரம் அல்லவா? ஆள் யாரையும் கூப்பிடாமல் தானே குளியலறைச் சுவரில் மாட்டினார். குழாயைத் திறந்தால் உள்ளே குப்பென்று நெருப்புப் பற்றும், மூடினால் அணையும். நெருப்பு நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தது. பழசுதானே, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்தது அறையைச் சூடாக்கும் ஹீட்டர். "குளிரை உள்ள விட்டுட்டு அப்புறம் கரண்டைச் செலவழிச்சுத் துரத்தறது புத்திசாலித்தனமா?" என்று கேட்டு அதைப் பரணில் போட்டார். கடையில் மிஞ்சிய துண்டுத் துணிகளை நீளநீளப் பைகளில் திணித்துத் தைத்து, கதவுகளின் அடியில் நெட்டுக்குக் கிடத்தினார். மனைவி அவற்றுக்குத் துணிப்பாம்பு என்று பெயர் வைத்தாள். ஜன்னல் இடுக்குகளில் பட்டை பட்டையாகத் துணியை ஒட்டினார். கடைசியில் மிஞ்சியது, குளியலறைச் சுவரின் மேல்பக்கத்தில் இருந்த வட்ட ஓட்டை. கொத்தனார் அடைக்க மறந்து போனது போல அது பாட்டுக்கு ஊதல்காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. இஞ்சி டேப்பை வைத்து அளந்து, நீல நூலில் இரட்டைத் தையல் போட்டு, அதற்கென்றே ஒரு உருண்டை மெத்தை செய்து செருகினார். அச்சில் வார்த்தது போல் உட்கார்ந்தது.

"ஏங்க, வீட்டோட மூக்கையும் அடைச்சிட்டீங்களே, அது எது வழியா மூச்சு விடும்?" என்றாள் மனைவி.

"வீடு மூச்சு விடறதுக்கு நான் கரண்ட் செலவழிக்கணுமா?"

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். வீடு சட்டைப் பைக்குள் இருப்பது போல் கதகதப்பாக இருந்தது. மீட்டர் முன்னால் போய் நின்று, அது எவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்று அவர் ரசித்த ரசிப்பைப் பார்த்திருக்க வேண்டும்.

முதலில் வீட்டில் வளர்ந்த பூனைக்குத்தான் இது பிடிக்கவில்லை. வாசல் கதவடியில் கிடந்த துணிப்பாம்பைப் பிராண்டிப் பிராண்டி இழுத்துப் போட்டது. டெய்லர் அதற்குள் மணலைக் கொட்டிக் கனமாக்கித் தைத்தார். அதற்கப்புறம் பூனை வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, கிண்ணத்தைக் காட்டிக் கூப்பிட்டாலும் வராமல், கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

மனைவிக்குக் காலையில் எழுந்தால் தலை விண்விண்ணென்று தெறித்தது. குளித்துவிட்டுக் கிளம்பும்போது இன்னும் மோசம். பஸ்ஸில் ஏறி, ஜன்னல் காற்று முகத்தில் பட்டால் சரியாகிவிடும். "எனக்கு வீட்டைக் கண்டாலே தலைவலி வருது போல" என்று கேலி பேசினாள். டெய்லருக்கும் ஒரு மந்தம் இருந்தது. குளிர்காலம் என்றால் அப்படித்தான் என்று விட்டார்.

பாப்பா மட்டும் கேலி பேசவில்லை. "அப்பா, குளிச்சா தலை சுத்துது" என்றாள்.

"வீட்டுப்பாடம் இருக்கிற அன்னைக்குத்தானே சுத்துது?"

"இல்லப்பா, நெஜமா. வாந்தி வர மாதிரி இருக்கு."

வெந்நீரில் ஊறிக்கொண்டே நின்றால் சுற்றத்தான் செய்யும், சீக்கிரம் குளி, தண்ணீரும் மிச்சமாகும் என்றார். அதற்கடுத்த நாட்களில் ஓட்டையை அடைத்த மெத்தை தரையில் நனைந்து கிடப்பதைப் பார்த்தார். எடுத்துக் காயவைத்துத் திரும்பச் செருகினார். மறுபடியும் கீழே கிடந்தது.

"யார் எடுத்தது?"

பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தாம்பா. அதை எடுத்துட்டுக் குளிச்சா சரியா இருக்கு."

அவருக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பெற்ற மகளே தன் வேலையைப் பிய்த்துப் போடுகிறாளே என்ற ஆற்றாமை வேறு. "ஊருக்கே புத்தி சொல்றேன், என் வீட்டுலயே கேக்க மாட்டேங்கறீங்க" என்று கத்தினார். மெத்தையைச் சுற்றி அதே நீல நூலில் கான்வாஸ் துணி வைத்துத் தைத்து, அதன் ஓரங்களைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்தார். இனி எடு பார்க்கலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை. மனைவி காலையிலேயே டியூட்டிக்குப் போய்விட்டாள். டெய்லர் முன்னறையில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். பாப்பா குளிக்கப் போனாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஒரு காலர் தைத்துக்கொண்டிருந்தார். தையல் கோணலாகப் போனது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தார். மறுபடியும் கோணல். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவருக்குக் காலர் கோணியதில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான், தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டே இருப்பது காதில் பட்டது.

"பாப்பா! தண்ணி வீணாப் போகுது! பைப்ப மூடு!"

தண்ணீர் விழுந்தது.

"இவ்ளோ சொல்லியும் உனக்கு அறிவு வரல இல்ல? மூடு சொல்றேன்!"

இன்றைக்கு இவளை ஒரு கை பார்த்துவிடுவது என்று எழுந்தார். கால்கள் எழவில்லை. முழங்கால் இரண்டும் வேறு யாருடையதோ போல மடங்கின. மிஷினைப் பிடித்தார், அது சுற்றியது. ஏதோ சரியில்லை என்று அப்போதுதான் உறைத்தது. வாசல் கதவை இழுத்தார். மணல் அடைத்த துணிப்பாம்பு அடியில் சிக்கி, ஒரு விரற்கடைக்கு மேல் திறக்க விடவில்லை. ஜன்னலைத் தள்ளினார். ஒட்டிய பட்டை அசைந்து கொடுக்கவில்லை. அவர் கைவேலை எல்லாம் அவரை எதிர்த்துக்கொண்டு நின்றது. கைக்குக் கிடைத்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் கண்ணாடியில் ஓங்கி அடித்தார்.

குளிர் காற்று முகத்தில் அறைந்தது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. புத்தி தெளிந்தது. தெளிந்ததும் எல்லாம் ஒன்றாகப் புரிந்தது: பூனை, தலைவலி, மஞ்சள் நெருப்பு, தரையில் நனைந்து கிடந்த மெத்தை. "ஐயோ, என் கண்ணே" என்று அலறிக்கொண்டு குளியலறைக் கதவில் மோதினார். மூன்றாவது மோதலில் தாழ்ப்பாள் பெயர்ந்தது.

பாப்பா துண்டைச் சுற்றியபடி ஓட்டைக்குக் கீழே மடங்கிக் கிடந்தாள். பக்கத்தில் வாளி கவிழ்ந்திருந்தது. அதன் மேல் ஏறியிருக்கிறாள். கான்வாஸின் ஒரு மூலை மட்டும் ஆணியிலிருந்து பிய்ந்து தொங்கியது. மெத்தை அப்படியே இருந்தது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது, மஞ்சள் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் குழாயை மூடவில்லை. மகளை வாரி எடுத்துக்கொண்டு, துணிப்பாம்பைக் காலால் எட்டி உதைத்துக் கதவைத் திறந்து படியில் இறங்கினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாள். "ஹீட்டர் சரியா எரியாம, காத்துப் போக வழியும் இல்லாம இருந்தா வர விஷவாயு இது. கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. பொழச்சுக்குவா. இன்னும் கொஞ்சம் தாமதம் ஆகியிருந்தா என்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது."

மனைவி காக்கிச் சட்டையோடு ஓடி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கட்டிலின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அவர் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

டெய்லர் இந்தப் பக்கம் உட்கார்ந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் கன்றிச் சிவந்திருந்தன. இரண்டு நகங்கள் உடைந்து, அவற்றில் நீல நூலின் பிசிறு சிக்கியிருந்தது. அவர் தையல் பிரியவில்லை.

நெடுநேரம் கழித்துப் பாப்பா கண்ணைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பார்த்ததும் அந்தக் கண்களில் வந்தது பயம். முகத்தில் மாட்டியிருந்த மாஸ்க்கை லேசாக விலக்கினாள்.

"அப்பா, திட்டாதீங்கப்பா. நீங்க கத்தினது கேட்டுச்சு. தண்ணிய மூடலாம்னுதான் பாத்தேன். கை வரலப்பா."