திறக்காத ஜெல் வளையம்

ஆமையின் துடுப்பு கறுத்துக்கொண்டே வந்தது. நான் இந்தத் தீவு ஆய்வு நிலையத்தின் சமையல்காரி. தொட்டிப் பக்கம் எனக்கு வேலை கிடையாது. ஆனாலும் ஆராய்ச்சியாளர் மெரன் போட்ட சத்தத்தில் கரண்டியும் கையுமாக ஓடினேன்.

மெரன் மூன்று வருடமாக ஒரு ஜெல் செய்கிறாள். எல்லாம் ஜெலட்டின்தான், கடலில் கிடந்தால் மக்கிவிடும். நேராக இருக்கப் பழக்கிய பட்டையை வளையமாக வளைத்துக் குளிரவைப்பாள். வெதுவெதுப்பான நீர் பட்டால் பழைய நினைவு வந்து தானே நிமிர்ந்துகொள்ள வேண்டும். நிமிர்ந்தால், ஆமை நீந்திய நாட்களில் கடல் எவ்வளவு சுட்டது என்பது அதில் கோடுகோடாகத் தெரியும். அந்த வளையத்தைப் பதினோரு ஆமைகளின் துடுப்பில் போட்டாள். ஆறு வாரம் கழித்துத் திரும்பக் கிடைத்தது இது ஒன்றுதான்.

மெரன் இன்னொரு குவளை வெதுவெதுப்பான நீர் மொண்டாள். ஆமையை முழங்காலால் அழுத்திப் பிடித்திருந்த மருத்துவன் தேவிடா கத்தினான்.

"ஊத்தாத! இன்னும் இறுக்குது!"

"லேப்ல ஒரே நிமிஷத்துல திறந்துச்சு தேவிடா!"

"எந்தத் தண்ணியில?"

"உப்புத் தண்ணியிலதான்."

"கடல் தண்ணியா?"

மெரன் குவளையைக் கீழே வைத்தாள். வடிகட்டிய சுத்த நீரில் பொட்டல உப்பைக் கலந்து சோதித்திருக்கிறாள். கடலில் உள்ள மற்ற உப்புகளெல்லாம் ஆறு வாரம் ஊறி ஜெல்லைச் சுருக்கிவிட்டன. நாலு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு பொட்டல உப்பா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கத்திரிச்சு எடுக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"கத்தி நுழைய இடமில்ல ஜாய்லீன். ரத்தக்குழாய் மேலயே உக்காந்திருக்கு" என்றான் தேவிடா. "இன்னும் ஒரு மணி நேரம். அதுக்கப்புறம் துடுப்பையே எடுக்கணும்."

"நல்ல தண்ணியில ஊறப்போட்டா உப்பு இறங்கிடும். ரெண்டு நாள் போதும், கோடும் தப்பிச்சிடும்" என்றாள் மெரன்.

"துடுப்பு தப்பிக்காதே."

அவள் வளையத்தையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "படகுல அன்னாசி வந்துச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேகவைக்காத அன்னாசிச் சாறு ஜெலட்டினைத் தின்று தண்ணீராக்கிவிடும். ஜெல் செய்கிறவர்கள் அந்தப் பழத்தை வாசல்படி ஏற விடமாட்டார்கள். என் குளிர்பெட்டியிலேயே தடை எழுதி ஒட்டியவள் இவள். அதற்காக ஒரு வாரம் அவளோடு பேசாமல் இருந்தேன்.

"கரைஞ்சா உன் கோடு?"

"எல்லாம் போயிடும். நின்னு பேசாத, போ!"

படகில் வந்திருந்த இரண்டு பழத்தை வெட்டி இடித்துத் துணியில் பிழிந்து கொண்டுவந்தேன். "புண்ணுல பட்டா எரியும், கழுவிக்கிட்டே இரு" என்றான் தேவிடா. மெரன் சாற்றை ஊற்றி விரலால் தேய்த்தாள். பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வளையம் வழுவழுத்தது. அவள் கைச்சூட்டில் ஓர் ஓரம் மெல்ல நிமிர, வெள்ளைக் கோடுகள் எழும்பின.

அவள் விரல் நின்றுவிட்டது. "தெரியுது... ஜாய்லீன், தெரியுது! ரெண்டு நிமிஷம் விட்டா முழுசும் வந்துடும்."

"துடுப்பு சில்லுனு ஆயிடுச்சு மெரன்" என்றான் தேவிடா.

அந்தக் கோடுகளுக்காக அவள் சாப்பிடாமல் கிடந்த நாட்கள் எனக்குத் தெரியும். அவள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். மிச்சச் சாறு முழுவதையும் கோடுகளின் மேலேயே கவிழ்த்துத் தேய்த்தாள். கோடுகள் கலங்கி, கூழாகி, வாளியில் விழுந்தன.

தேவிடா புண்ணைக் கழுவி, துடுப்பை நீவிக்கொண்டே இருந்தான். உணர்வு இருக்கிறதா என்று பார்க்க, ஊசி எடுத்துத் துடுப்பின் நுனியில் குத்தினான். அசைவில்லை. மெரன் குனிந்து கிட்டே பார்த்தாள். அவன் மறுபடி குத்தினான்.

அந்தத் துடுப்பு அவள் கன்னத்தில் பளாரென்று அறைந்தது.

உதடு கிழிந்து ரத்தம் வழிய, மெரன் அழுதுகொண்டே சிரித்தாள். "அடி, இன்னொண்ணு அடி" என்று முகத்தை மறுபடியும் நீட்டினாள்.