மூன்று முறை கேட்டும்

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும் ஒவ்வொரு துகளிடமும் "நீ யார்?" என்று கேட்பது என் வேலை. தரைக்குக் கீழே ஒன்றரை கிலோமீட்டரில், கைவிடப்பட்ட தங்கச் சுரங்கத்தின் கடைசிக் குகையில், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்கிறேன். பதில் சொல்கிறவர்களைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். மூன்று முறை கேட்டும் வாய் திறக்காததுதான் கரும்பொருள். அண்டத்திலுள்ள பொருளில் பெரும்பங்கு அதுதான் என்கிறார்கள், யாரும் பார்த்ததில்லை.

பத்தொன்பது வருடங்களாக எல்லோரும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வானத்திலிருந்து பாறையைத் துளைத்து இறங்கும் மியூவான், பெயரைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கும். பாறையிலிருந்து கசியும் நியூட்ரான்கள் ஊர், தெரு வரைக்கும் சொல்லும். எனக்கு அலுத்ததே இல்லை. வராதவருக்காகக் காத்திருப்பதும் உத்தியோகம்தான்.

போன செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து தணிகாசலம் என்ற அதிகாரி வந்தார். குகையைக் கான்கிரீட் ஊற்றி மூடப்போகிறார்களாம். ஒரு தாளை நீட்டினார். 'கரும்பொருள் என்று ஒன்று இல்லை' என்று அச்சடித்து, கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"இதுவரைக்கும் வரலைன்னு எழுதுங்க சார், போடறேன். இல்லவே இல்லைன்னு எப்படிப் போடறது?"

"இத்தனை வருஷமா வராதது இனிமே வரப்போகுதாம்மா? போட்டுட்டு மேல வாங்க. லாரி நிக்குது."

"போட மாட்டேன்."

எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகும். அன்று இரண்டு காதும் கொதித்தன. அவருக்கும் பொறுமை போய்விட்டது.

"மாட்டேன்னு சொல்ல நீங்க யாரும்மா?"

அந்தக் குகையில் அந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன விதி என்று எனக்குத் தெரியும். வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"உங்களைத்தான் கேக்கறேன். யார் நீங்க?"

மூன்றாம் முறையும் கேட்டார். பிறகு என் தோளைப் பிடிக்கக் கை நீட்டினார். கை எனக்குள் புகுந்து முதுகுப்பக்கம் வெளியே வந்தது. அதைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, பதிவேட்டைத் திறந்து 'ஒன்று' என்று எழுதித் தேதி போட்டார். நேர்மையான மனிதர். கரும்பொருள் வந்த இடத்தை மூட முடியாது என்று லாரியையும் திருப்பி அனுப்பினார்.

இப்போது என் ஸ்டூலில் அவர்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் தினமும் காலையில் லிஃப்ட் இல்லாமல் பாறை வழியாகவே இறங்கிவிடுகிறேன். "யார் நீங்க?" என்று மூன்று முறை மரியாதையாகக் கேட்பார். செத்தாலும் சொல்ல மாட்டேன். 'ஒன்று' என்று எழுதிக்கொள்வார்.

இன்று காலை 'மூன்று' என்று எழுதினார். நான் கொஞ்சம் நகர்ந்து, பின்னால் நின்ற இரண்டு பேருக்கும் இடம் விட்டேன்.