நடுக்கோடு

தேவதாஸ் பாய்ந்து தகரத்தைப் பிடித்தான்.

மெஷின் அறை முக்காலியிலிருந்து அண்ணன் பொன்னுதுரை சரிந்து விழுந்து இரண்டு விநாடிகூட ஆகவில்லை. அதற்குள் திரையின் நடுவே, மேலிருந்து கீழ்வரை, பளீரென்று ஒரு வெள்ளைக்கோடு. கொட்டகையில் சலசலப்பு.

இரண்டு மெஷின், ஒரே படம். இடது பாதியை ஒன்று போடும், வலது பாதியை மற்றது. நடுவில் ஒரு முழ அகலம் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். அங்கே வெளிச்சம் இரட்டிப்பு. அந்தக் கோட்டை அழிக்கத்தான் சீப்புப் பல்போல் வெட்டிய தகரம். வெளிச்சத்தின் விளிம்பில் அதை மேலும் கீழும் ஓயாமல் ஆட்ட வேண்டும். இடது மெஷினில் மோட்டார் ஆட்டும். வலதில் மோட்டார் எரிந்துவிட்டது, கைதான். கை ஒரு நூல் விலகினாலும் கோடு.

தேவதாஸ் ஆட்டினான். கோடு மங்கியது. கரைந்தது. மெர்டேக்கா சுதந்திர நாள் ஊர்வலத்து பாண்டு வாத்தியக்காரர்கள் இடது படத்திலிருந்து வலது படத்துக்குள் தடங்கலில்லாமல் நடந்து போனார்கள்.

மூன்று மாதமாக அண்ணன் தொடவிடாத தகரம். 'ஒனக்குக் கை நடுங்கும்டா. நீ வெளக்குல கார்பன் குச்சிய மாத்து, போதும்.'

படத்தைப் பார்க்க சிங்கப்பூரிலிருந்து முதலாளி, சீனத் தவுக்கே, வந்திருந்தார். கோடு தெரியாமல் ஓட்டுகிறவனுக்கு அங்கே தலைமை ஆபரேட்டர் வேலை. காஜா பெராங் ஊர் முழுக்கத் தெரிந்த சேதி.

கதவு இடிபட்டது. மேனேஜர் காதர் மைதீன்.

"பொன்னுதுரை! என்னலா அங்க? கோடு தெரிஞ்சுது!"

"ஒண்ணுமில்ல நானா! சரியாயிடுச்சு!" என்றான் தேவதாஸ்.

"தவுக்கே முன்னால மானத்த வாங்காதீங்கப்பா!"

"கதவத் தொறக்காதீங்க நானா, வெளிச்சம் உள்ள வரும்!"

காலடிச் சத்தம் படியிறங்கிப் போனது. படம் இன்னும் பதினெட்டு நிமிடம்.

மறுநாள் காலை பொன்னுதுரையைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. தெங்கேராவிலிருந்தும் உஜோங் பாசிரிலிருந்தும் வந்த ஒவ்வொருவரிடமும் தேவதாஸ் ஒரே வாக்கியத்தைச் சொன்னான்.

"விழுந்த ஒடனே போயிட்டாரு."

"அண்ணன் பொணத்தப் பக்கத்துல வச்சிக்கிட்டே படத்த ஓட்டி முடிச்சிருக்கான்யா," என்றார் பக்கத்து வீட்டு அப்பாசாமி. "எனக்குன்னா கையே ஓடாதுலா."

காதர் மைதீன் அவனை ஓரமாக இழுத்தார். "தவுக்கேவுக்குத் திருப்தி. அடுத்த வாரமே நீ சிங்கப்பூர் போற. ஒண்ணு மட்டும் கேட்டாரு. பெரிய கோடு மறைஞ்சப்புறமும் நாலு தடவ லேசா வந்து போச்சே, ஏன்னு."

"புதுக் கை நானா."

"நானும் அதத்தான் சொன்னேன்."

அண்ணி சாரதாம்பாள் புது வேட்டியோடு வந்து நின்றாள். அழுது முடித்த முகம்.

"கடைசியா ஏதாச்சும் கேட்டாரா தம்பி? ஒரு வாய்த் தண்ணி..."

"இல்ல அண்ணி. விழுந்த ஒடனே..."

அவள் தலையாட்டினாள். "புள்ள இல்லாத மனுசன். நீதான் கொள்ளி வைக்கணும். குளிச்சிட்டு இதக் கட்டிக்க."

"நேத்துலேருந்து அதே முழுக்கால் சிலுவாரோட திரியிறான் பாரு," என்றார் அப்பாசாமி. "எறக்குய்யா, வெள்ளக்காரத் தொரையே கொடிய எறக்கிட்டுப் போயாச்சு!" இழவு வீட்டிலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

குளியலறையின் தகரக் கதவைத் தாழிட்டுவிட்டு தேவதாஸ் சிலுவாரை இறக்கினான். கெண்டைக்காலில் துணி ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. தண்ணீர் ஊற்றி நனைத்து உரித்தான்.

நகம் பிறாண்டிய தடங்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக நாலு இடத்தில். நாலாவதுதான் ஆழம்.

"சோப்பு இருக்கா தம்பி?" வெளியே அண்ணியின் குரல்.

"இருக்கு அண்ணி."

முதல் மூன்று தடவையும் "தண்ணி" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் காலைப் பிடித்து இழுத்தார். தகரம் விலகிக் கோடு வந்தது. நாலாவது தடவை அவர் எதுவும் கேட்கவில்லை, பிடித்தார், அவ்வளவுதான். தேவதாஸ் காலை உதறினான்.

அதற்குப் பிறகு படம் முடியும்வரை கோடு தெரியவே இல்லை.