பேடு காயும் இடம்

நிழலில் ஒன்றும் தெரியவில்லை. ஷெட்டுக்குள் நிறுத்தியிருந்தபோது அந்தக் கறுப்புக் காரின் பானட் கண்ணாடி மாதிரி இருந்தது. தகரக் கூரையின் ஆணி ஓட்டைகளை அதில் பார்த்தே எண்ணிவிடலாம். வண்டியை நாலடி முன்னால் தள்ளிப் பதினொரு மணி வெயிலில் விட்டதும், சூரியன் விழுந்த இடத்தைச் சுற்றி மெல்லிய கோடுகள் வட்ட வட்டமாகக் கிளம்பின. ஜெபசிங் குனிந்து ஒரு பக்கமாகப் பார்த்தான். முட்டி போட்டு இன்னொரு பக்கமாகப் பார்த்தான். நான்கு நாட்களில் இது மூன்றாவது முறை.

"வந்துச்சா?" ஷெட் வாசலிலிருந்து சுப்புராயன் கேட்டார். கடை அவருடையது.

"வந்துகீது சார்."

"வந்துகீதாம். வூட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி சொல்றான் பாரு."

எர்ணாவூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையை ஒட்டியிருந்தது கடை. முன்பு லாரிகளுக்குத் தண்ணீர் அடிக்கிற இடம். இரண்டு வருடத்துக்கு முன் சுப்புராயன் அதில் பாதியைத் தடுத்து, கார்களுக்குப் பாலிஷ் போடும் இடமாக்கினார். வருகிற வண்டிகளில் முக்கால்வாசி வெள்ளை. வெள்ளையில் எது இருந்தாலும் கண்ணுக்குப் படாது. கறுப்பு எதையும் மறைக்காது. இந்தக் கறுப்பு வண்டி ராயபுரத்தில் கிளியரிங் ஏஜென்டாக இருக்கும் பக்ருதீனுடையது. போன வாரம் பளபளவென்று ஓட்டிக்கொண்டு போனவர், இரண்டு முறை கழுவியதும் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் வேக்ஸ கெட்டியா போட்டு அனுப்பேன்" என்றார் சுப்புராயன்.

"வேக்ஸு கோட்ட அழிக்காது சார், ரொப்பும். ரெண்டு தபா தண்ணி ஊத்துனா வேக்ஸு பூடும், கோடு அப்டியே நிக்கும். போன வாரம் அதான ஆச்சி? அதுக்குதான பாய் திருப்பி இட்டாந்தாரு?"

"அப்ப இன்னொரு தபா தேயி."

"எத்தினி தபா சார் தேய்க்கிறது? மேல கீறது நோட்டுத் தாள்ல பாதி கனம்கூட கெடையாது."

அது உண்மை. காரின் நிறத்துக்கு மேல் நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது. கோடு விழுவது அதில்தான். பாலிஷ் என்பது கோட்டைத் துடைத்து எடுப்பதல்ல. கோட்டின் அடி மட்டத்துக்குச் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து இறக்குவது. முதலில் கெட்டியான மஞ்சள் ஸ்பாஞ்ச் பேடில் காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசையைத் தடவி இறக்க வேண்டும். அது போடும் சின்னக் கோடுகளை, மெத்தென்ற கறுப்பு பேடில் நைசான பாலிஷ் வைத்து எடுக்க வேண்டும். கடைசியில் கையால் வேக்ஸ். ஒவ்வொரு முறையும் பூச்சு கொஞ்சம் கரைகிறது. அதிகமாகப் போனால் நிறம் வெளியே வந்துவிடும். பிறகு பெயின்ட்தான் அடிக்க வேண்டும்.

இந்த நான்கு நாளில் ஜெபசிங் எல்லாவற்றையும் மாற்றிவிட்டான். காம்பவுண்டை மாற்றினான். வேறு பாட்டில் பாலிஷ் கேட்டான், சுப்புராயன் முனகிக்கொண்டே வாங்கிவந்தார். பேடைச் சுற்றும் மெஷினின் வேகத்தைக் குறைத்தான். துடைக்கும் துணியைப் புதிதாக எடுத்தான். கோடு போகவில்லை.

சுப்புராயன் பானட்டைக் கட்டைவிரலால் தடவினார். "நான் ஒண்ணு சொல்றன் ஜெபா. சாமான்லாம் மாத்தியாச்சி. மாத்தாதது ஒண்ணே ஒண்ணுதான். உன் கை. சனிக்கெழம சாயங்காலம் பாய் வர்றாரு. அதுக்குள்ள சரியாச்சின்னா சரி. இல்லன்னா அண்ணா நகர்ல ஒருத்தன் கீறான், திங்கக்கெழம அவன் வந்து மெஷின் புடிப்பான். நீ தண்ணி பக்கம் போயிடு."

அன்று வியாழக்கிழமை.

மெஷினைக் கையில் வாங்குவதற்கு முன் இரண்டு வருடம் ஜெபசிங் தண்ணீர் பக்கம்தான் இருந்தான். காலையிலிருந்து மாலைவரை சோப்புத் தண்ணீரில் நின்று கால்விரல் இடுக்குகள் வெந்து, தோல் வெள்ளையாக உரிந்து, செருப்பு போட முடியாமல் பஸ்ஸில் வெறுங்காலோடு போன நாட்கள் உண்டு. பாலிஷ் பக்கம் வந்து ஏழு மாதம் கழித்துத்தான் புண் ஆறியது.

ஷெட்டுக்குப் பின்னால் இடிபட்ட ஒரு கறுப்புக் கார்க் கதவு கிடந்தது. அதைத் தூக்கி வந்து இரண்டு டயர்மேல் படுக்க வைத்தான். மாஸ்கிங் டேப் ஒட்டி எட்டுக் கட்டங்களாகப் பிரித்தான். ஒரு கட்டத்துக்கு ஒரு மாற்றம், ஒன்று மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. முதல் கட்டத்தில் பழைய பாலிஷ், இரண்டாவதில் புதியது. மூன்றாவதில் மெஷினை மெதுவாக ஓட்டினான், நான்காவதில் துணியை மாற்றினான். இப்படியே ஏழு கட்டம். எட்டாவதில் எதையும் மாற்றாமல், பாக்கெட்டை அப்போதுதான் பிரித்த புது பேடை மட்டும் மாட்டினான். கதவை வெயிலுக்கு இழுத்தான்.

ஏழு கட்டத்திலும் கோடு இருந்தது. எட்டாவதில் இல்லை.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் புது பேடைத் துவைக்கப் போட்டு, வெள்ளிக்கிழமை காலையில் காய்ந்து வந்ததை மாட்டி, ஏழாவது கட்டத்தை அழித்து அதிலேயே மறுபடி ஓட்டினான். கோடு வந்தது. சிரிப்பு போய்விட்டது.

பேடுகளையும் துணிகளையும் துவைப்பது பவுனம்மாள். பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"யக்கா, பேடுக்கு இன்னா சோப்பு போட்ற?"

"ஓனரு வாங்கிக் குட்த்த தண்ணி சோப்புதான். ஏன், என் மூஞ்சிக்குப் போட்றத போட்டன்னு நெனச்சியா?"

"அதில்லக்கா. எங்கனா மண்ணுல கிண்ணுல உழுந்துச்சா?"

"இன்னா நைனா, காலங்காத்தால பேஜாரு பண்ற? உன் கை சரியில்லன்னு அவரு கத்திக்கினு கீறாரு. நீ வந்து என் கை சரியில்லன்ற. நான் யார் கைய சொல்றது?"

"கோச்சிக்காத. துவைக்காத பேடு கோடு போடல. துவைச்ச பேடு போடுது. அத்தான் கேட்டன்."

"அப்ப துவைக்காத. அப்டியே கலீஜா எட்த்து ஓட்டு. எனக்கும் வேல மிச்சம்."

துவைக்காமல் முடியாது. தேய்ந்த பூச்சும் பழைய காம்பவுண்டும் பேடில் கட்டியாகக் காய்ந்துவிடும்; அடுத்த வண்டியை அதுவே கீறும். ஜெபசிங் வேறொன்று செய்தான். ஒரு பேடை எடுத்து அவள் கண்ணெதிரில், அவளுடைய சோப்பிலேயே, அவளுடைய வாளித் தண்ணீரிலேயே துவைத்தான். மெஷினில் மாட்டி, இன்னொரு காலி வாளிக்குள் ஒரு சுற்று சுற்றினான். தண்ணீர் தெறித்து ஓடி, பேடு அரை ஈரமானது. அப்படியே கொண்டுபோய்க் கதவில் ஓட்டினான். பவுனம்மாளும் ஈரக் கையோடு பின்னாலேயே வந்து நின்றாள்.

கோடு இல்லை.

"சோப்பு இல்லக்கா."

"தோ, கோர்ட்ல தீர்ப்பு வந்துடுச்சி. நான் போய்த் துணி எடுக்கறன்."

அவள் ஏணிப்படியில் ஏறினாள். சோப்பு இல்லை, தண்ணீர் இல்லை. குழாயடிக்கும் மெஷினுக்கும் நடுவில் மிச்சம் என்ன இருக்கிறது என்று யோசித்தபடி அவனும் பின்னால் ஏறினான். வாடிக்கையாளர் அறைக்கு மேலிருந்த மொட்டை மாடியில் கொடி கட்டியிருந்தது. துணிகளுக்குப் பக்கத்தில் கிளிப் மாட்டி, மஞ்சளும் கறுப்புமாகப் பதினாறு பேடுகள் தொங்கின. தை மாதக் காற்று வடக்கிலிருந்து அடித்தது. அந்தப் பக்கம் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன.

பவுனம்மாள் ஒரு துணியை எடுத்தாள். இரண்டு உதறு உதறினாள், தோளில் போட்டாள். அடுத்த துணி, இரண்டு உதறு. பேடு வந்ததும் அதை உதற முடியாததால் கைப்பிடிச் சுவரில் இரண்டு தட்டு தட்டி, கூடையில் போட்டாள்.

"யக்கா, அத்த எதுக்குத் தட்ற?"

"இன்னா கேள்வி இது? தட்டாம எடுப்பாங்களா?"

"அதான், எதுக்கு?"

"எதுக்குன்னா..." அவள் நின்றாள். கையிலிருந்த பேடைப் பார்த்தாள். "சாம்பலு கீதுல்ல."

கொடியிலிருந்து எடுத்த துணியை இங்கே யாரும் உதறாமல் மடிப்பதில்லை. குழந்தையின் ஜட்டி முதல் பள்ளிக்கூடச் சட்டைவரை இரண்டு உதறு. அன்று காலையில் ஜெபசிங் போட்டுக்கொண்டு வந்த சட்டையையும் அவன் உதறித்தான் போட்டிருந்தான். அது ஒரு வேலை என்ற நினைப்பே யாருக்கும் கிடையாது.

துணியில் சாம்பல் மேலாக உட்காருகிறது, உதறினால் விழுந்துவிடும். பேடு அப்படியல்ல. அது முழுக்கப் பொடிப் பொடி ஓட்டை. தட்டினால் மேலே உள்ளது பாதி விழும், பாதி ஓட்டைக்குள் இறங்கிவிடும். மெஷினில் சுற்றும்போது பேடு சூடாகி, அமுங்கி, விரிந்து, உள்ளே போனதை வெளியே தள்ளும். அங்கே நைசான பாலிஷோடு சாம்பலும் சேர்ந்து தேய்க்கும்.

ஜெபசிங் செல்லோ டேப்பை எடுத்துவந்து, தட்டி முடித்த பேடு ஒன்றின்மேல் அழுத்தி ஒட்டி, உரித்தான். வானத்துக்கு நேராகப் பிடித்தான். டேப் முழுக்க மிளகுத் தூளைவிட நைசாகச் சாம்பல் நிறப் புள்ளிகள்.

"அடப்பாவி" என்றாள் பவுனம்மாள். "நாலு நாளா உன்ன அவரு கத்துறாரு, இதுக்காடா?"

சனிக்கிழமை மாலைக்குள் காய்ந்த பேடுகள் வேண்டும். வெளியே வைக்க முடியாது. ஷெட்டுக்கு மூன்று பக்கம் சுவர் இல்லை. வெயிலில் மூடிக்கிடந்த ஒரே இடம் பக்ருதீனின் வண்டிதான். பின் சீட்டில் பழைய பெட்ஷீட்டைப் போட்டு, துவைத்துச் சுற்றிய ஆறு பேடுகளைப் பரப்பி, கண்ணாடிகளை முழுக்க ஏற்றினான். இரண்டு மணி நேரத்தில் உள்ளே அடுப்பாகிவிட்டது. மூன்று மணிக்கு எடுத்தபோது பேடுகள் அப்பளம் மாதிரி காய்ந்திருந்தன. டேப் ஒட்டிப் பார்த்தான். சுத்தம். அன்றே காம்பவுண்ட் போட்டு முடித்தான். சனிக்கிழமை நைஸ் பாலிஷ். ஸ்பிரிட் நனைத்த துணியால் பானட்டைத் துடைத்து, எண்ணெய்ப் பசை எதையும் மறைக்கவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் வேக்ஸ் டப்பாவைத் திறந்தான்.

ஐந்து மணிக்கு பக்ருதீன் வந்தார். வந்தவர் போனில் டார்ச்சைப் போட்டு, பானட்டின்மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்துக்கொண்டு முழு வண்டியையும் சுற்றினார். சுப்புராயன் கூடவே சுற்றினார்.

"எங்க பூட்ச்சி கோடு?"

"பூட்ச்சி பாய்" என்றார் சுப்புராயன்.

"சத்தியமா?"

"ரெண்டு தபா கழுவிட்டு வாங்க பாய்" என்றான் ஜெபசிங். "வந்து காட்டுங்க."

அவர் போன பிறகு சுப்புராயன் சாம்பல் ஒட்டியிருந்த டேப்பை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். விஷயத்தை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அவன் கையைப் பற்றியோ அண்ணா நகர் ஆளைப் பற்றியோ பேச்சு எடுக்கவில்லை.

"இவ்ளோ சாம்பலா? ச்சே. ஒரு பேடு இன்னா வெல தெரியுமா? இந்தக் கருமத்துல போய்க் காயப்போட்டுகினு கீறீங்க. இனிமே ஒரு பேடு வெளிய காயக் கூடாது, சொல்லிட்டன்."

"உள்ள எடம் ஏது சார்?"

சுப்புராயன் சுற்றிப் பார்த்தார். கடையில் நாலு பக்கமும் மூடியிருந்தது, வாடிக்கையாளர்கள் உட்காரும் கண்ணாடி அறை மட்டும்தான். ஏசி போட்டது. அவரே சோபாவைத் தள்ளி, மூலையில் ஒரு ஸ்டீல் ஸ்டாண்டை வைத்தார். ஜன்னல் இடுக்கில் சாம்பல் வராமல் மாஸ்கிங் டேப்பை ஒட்டச் சொன்னார். ஜெபசிங் ஒட்டினான். திங்கட்கிழமை காலையில் பவுனம்மாள் பதினாறு பேடுகளையும் மறுபடி துவைத்து, கூடையில் கொண்டுவந்து ஒவ்வொன்றாக மாட்டினாள். மாட்டி முடித்ததும், காற்று வரும் பக்கம் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"யக்கா, உள்ள நிக்காத" என்றார் சுப்புராயன். "உன் பொடவைலாம் தூசி. மாட்டுனியா, வந்துகினே இரு. ஜெபா, உனுக்கும்தான் சொல்றன். கதவ சாத்து."

ஜெபசிங் கதவைச் சாத்தினான்.

துவைத்த பேடை மெஷினில் சுற்றித் தண்ணீரை எடுத்துவிட்டு, கண்ணாடி அறையில் மாட்டிக் கதவைச் சாத்திவிட வேண்டும். நாலு மணி நேரத்தில் காய்ந்துவிடும். காய்ந்ததா என்று வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் கோடு விழவில்லை.