மஞ்சள் நாக்கு

மாநில அரசு இருபது ஆண்டுகளுக்கான நிலப் பயன்பாட்டு வரைபடத்தின் வரைவை வெளியிட்டபோது, ஊருக்கு மேற்கே இருந்த வயல்கள் மொத்தமும் பச்சையாகியிருந்தன. பச்சை என்றால் பயிர் மட்டும். வீடு கட்ட முடியாது, கட்ட நினைப்பவருக்கு விற்கவும் முடியாது. எல்லாம் நாட்டின் சோற்றுக்காக என்றார்கள். அந்தப் பச்சைக்குள் ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஊரின் மஞ்சள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் என்றால் குடியிருப்பு. அந்த நாக்கு, வரப்பு பிசகாமல், பெரியவரின் நிலம்.

பெரியவர் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் எந்த அலுவலகத்திலும் பல்லிளித்து நின்றதில்லை. இப்போது தெருவே அவரைப் பார்த்து இளித்தது, முதுகுக்குப் பின்னால் திருடன் என்றது. பக்கத்து நிலத்துக்காரர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம் முறிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அவ்வளவு சீக்கிரம் வரைபடம் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

பெரியவர் மைத்துனரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“ஆபீஸ்ல நமக்கு வேண்டியவர் ஒருத்தர் இருக்கார் அத்தான். கோட்டை லேசா வளைச்சார். உங்களுக்காகத்தான் செஞ்சேன்.”

“கோட்டையா வளைச்சே மச்சான்? என் முதுகை வளைச்சுட்டே.”

ஆட்சேபம் கேட்கும் நாளில், கஞ்சி போட்ட சட்டையோடு பெரியவர் போனார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பச்சையை மஞ்சளாக்கச் சொல்லி மன்றாடினார்கள். அதிகாரி ஒவ்வொருவருக்கும் விவசாயத்தின் பெருமையைச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.

“என் நிலத்தைப் பச்சையாவே வைங்க,” என்றார் பெரியவர்.

அதிகாரி பேனாவை மூடினார். “விலை ஏறினதுக்கு ஆட்சேபமா? அதுக்கு எங்ககிட்ட வழியே இல்லையே.”

“பக்கத்து வயலுக்கு இல்லாத நிறம் எனக்கு வேண்டாம். எங்க குடும்பப் பேருக்கு அது ஆகாது.”

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை விறைப்பாக நின்று பேசுகிறவருக்குப் பின்னால் யாரோ பெரிய ஆள் இருக்க வேண்டும். மஞ்சள் போதவில்லை என்பதைத்தான் இப்படி நாசூக்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. உடனே நாற்காலி வந்தது.

“புரியுதுங்க ஐயா. நான் கவனிச்சுக்கிறேன்.”

கவனித்துக்கொண்டார். இறுதி வரைபடத்தில் பெரியவரின் நிலம் சிவப்பு. வணிக வளாகமே கட்டலாம்.

முகத்தைத் திருப்பிய பக்கத்து நிலத்துக்காரர் அன்று மாலையே வாசலுக்கு வந்தார். “மன்னிச்சுக்குங்க அண்ணே. எப்படிக் கேட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

“பச்சையே போதும்னு கேட்டேன். சத்தியமா.”

“அடடா,” என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். “இந்தச் சூட்சுமம் எங்களுக்குத் தோணாமப் போச்சே.”

அவர் போனதும் மனைவி சொன்னாள்: “நேத்து வரைக்கும் உங்களத் திருடன்னாங்க. இன்னிக்குக் குருவாக்கிட்டாங்க. எது தேவலைன்னு நீங்களே சொல்லுங்க.”

பெரியவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார்.

பக்கத்து நிலத்துக்காரர் மறுநாளே மேல்முறையீடு செய்தார். பச்சையே போதும் என்று, பெரியவர் சொன்ன அதே சொற்களில். அரசு மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. நிலம் கேட்டபடியே பச்சையாக இருக்கிறது.

பெரியவர் வித்தையில் பாதியை மறைத்துவிட்டார் என்று அன்றிலிருந்து ஊர் பேசிக்கொள்கிறது.